விசாவில் எழுதியிருக்கும் தொழில் எது?



நம் ஊர்களில் சஃபர் என்ற சொல்லுக்குப் பயணம் என்று பொருள் சொல்வார் இல்லை. சஃபர் என்றாலே கடல் கடந்து பிழைக்கப் போவதுதான். சஃபர் போகாத வீடு தெருவில் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். ஹலாலான ரிஜ்கைத் தேடிப் பூமியில் நடப்பது மார்க்கம் விரும்பும் செயல், அதில் ஐயமில்லை. எனவே, போகலாமா கூடாதா என்பது இந்த உரையின் பேச்சு அல்ல. கையில் ஒரு தொழில் இருக்கிறது, நாவில் அந்த நாட்டு மொழி இல்லை, விசா தருவதாக ஒருவர் சொல்கிறார். இந்நிலையில் உள்ள ஓர் இளைஞர் கையெழுத்திடும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் பேச்சு.

இஜாரா எனப்படும் கூலி ஒப்பந்தத்தைப் பற்றி ஃபிக்ஹு நூல்களில் நீண்ட பாடம் உண்டு. நம் கடற்கரை ஊர்களில் வழங்கும் ஷாஃபிஈ மத்ஹபாயினும், உள்நாட்டு ஊர்களில் வழங்கும் ஹனஃபி மத்ஹபாயினும் இதில் ஒரே குரலில் பேசுகின்றன. வேலை இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். கூலி இவ்வளவென்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் செய்யும் ஒப்பந்தம் பழுதுபட்டது. திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் அது. அதை மனனமாக ஓதும் வீட்டுப் பிள்ளைகள்தாம், இரண்டு இலட்ச ரூபாயை ஒரு துண்டுச் சீட்டும் வாங்காமல் ஏஜெண்டின் கையில் வைத்துவிட்டு வருகிறார்கள்!

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைச் சற்று நினைத்துப் பாருங்கள். மிஸ்ரிலிருந்து உயிருக்கு அஞ்சி வெளியேறி, மத்யன் என்னும் அந்நிய ஊரில் கையில் ஏதுமின்றி வந்து நின்றவர் அவர். அங்கே அவருக்கு வேலை கிடைத்தது. அவரை வேலைக்கு அமர்த்தும்படி பரிந்துரைத்த பெண்மணி எடுத்துக் காட்டிய தகுதிகள் இரண்டே: வலிமை, நம்பகம். வலிமை என்பதை அந்த வேலையைச் செய்யும் திறமை என்று விளங்கிக்கொள்ளலாம். பின்பு அந்தப் பெரியவருடன் ஏற்பட்ட உடன்படிக்கையில் காலம் பேசப்பட்டது. கட்டாயம் எட்டாண்டு, பத்தாக நிறைவு செய்தால் அது அவர் விருப்பம். இந்த விவரத்தைச் சூரத்துல் கஸஸ் நமக்குச் சொல்லித் தருகிறது. ஒரு நபி அந்நிய மண்ணில் வேலைக்குச் சேர்ந்தபோது காலம் இவ்வளவென்று பேசப்பட்டிருக்க, நம் பிள்ளை 'போனால் எல்லாம் பேசிக்கொள்ளலாம்' என்று விமானம் ஏறலாமா?

இனி மொழிக்கு வருவோம். வளைகுடாவுக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் ஒரு செல்வம் இருக்கிறது. அதை அவர்கள் உணர்வதில்லை. மக்தபில் குர்ஆன் ஓதி முடித்த பிள்ளைக்கு அரபி எழுத்து தெரியும். வேறு சமயத்து நண்பன் ஒருவன் அதே விமானத்தில் போய் இறங்கினால் பெயர்ப்பலகை அவனுக்கு வெறும் கோலமாகத் தெரியும். இவனுக்கு எழுத்தாகத் தெரியும். நம் முன்னோர் அரபுத்தமிழ் என்று ஓர் எழுத்துமுறையே வகுத்து, வணிகக் கணக்கும் வீட்டுக் கடிதமும் அதில் எழுதினார்கள். அந்தத் தொடர்ச்சி நம்மிடம் அறுந்துவிட்டது. இன்று எழுத்துக்கூட்டி வாசிக்கிறோம், பொருள் தெரிவதில்லை. ஆயினும் பாதி வழி ஏற்கெனவே கடந்தாயிற்று என்பதை மறக்க வேண்டாம்.

இலக்கங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். முஸ்ஹஃபில் வசன எண்கள் அரபி இலக்கங்களில் இருக்கும். அதில் ஐந்து என்பது வட்டம். சுழியம் என்பது ஒரு புள்ளி. இது தெரியாத ஒருவர் ஒப்பந்தத்தில் உள்ள ஐந்தைச் சுழியம் என்று எண்ணுவார், சுழியத்தைத் தூசி என்று விட்டுவிடுவார். சம்பளம் எழுதிய இடத்தில் இவ்வாறு நேர்ந்தால் என்ன ஆகும்? ஓதத் தெரிந்த பிள்ளைக்கு இது ஒரு பொழுதுப் பாடம்.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் அஸருக்குப் பின் என்னைத் தேடி வந்தார். ஓட்டுநர் உரிமம் உள்ளவர். எட்டாண்டு லாரி ஓட்டியவர். சஊதியில் ஒரு வீட்டில் வாகனம் ஓட்டும் வேலை என்று சொல்லி ஏஜெண்டு பணம் வாங்கியிருந்தார். பயணம் நல்லபடி அமைய துஆச் செய்யச் சொல்லி வந்தவர், தாளில் அச்சிட்ட விசாவையும் கையில் வைத்திருந்தார். வாசியுங்கள் தம்பி என்றேன். ஆறாண்டு மக்தபில் ஓதியவர், தயக்கமின்றி வாசித்தார். 'மிஹ்னத்' என்ற சொல்லுக்கு எதிரே வந்ததும் அழுத்தந்திருத்தமாக 'ராயீ' என்று உச்சரித்தார். மத்து கூடப் பிசகவில்லை. பொருள் என்ன என்று கேட்டேன், விழித்தார். பொறுப்பைப் பற்றிய நபிமொழியில் மிம்பர்தோறும் நாங்கள் சொல்லும் அதே சொல்தான் அது. ராயீ என்றால் மேய்ப்பாளர். அவர் போகவிருந்தது ஆடு மேய்க்க! தகப்பனாரையும் அழைத்துக்கொண்டு போய் அந்த ஏஜெண்டிடம் கேட்டபோது, 'அங்கே போனதும் மாற்றிக் கொடுப்பார்கள்' என்றாராம். பணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது. மீதி இன்னும் வரவில்லை.

ஆடு மேய்ப்பது இழிவான தொழில் அல்ல. நபிமார்கள் செய்த தொழில் அது. அறிந்து, சம்பளம் பேசி, ஒருவர் அதற்குப் போனால் அவருக்கு நம் துஆ உண்டு. இங்கே சொல்ல வருவது வேறு. விசாவில் 'மிஹ்னத்' என்ற இடத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ, அந்தச் சொல்தான் அந்த நாட்டில் உங்களுக்கு எந்தச் சட்டம் நிழல் தரும் என்பதைத் தீர்மானிக்கிறது. 2021 மார்ச் மாதம் சஊதி அரசு ஒரு பெரிய சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட நிபந்தனைகளுடன், முதலாளியின் ஒப்புதல் இல்லாமலே தொழிலாளி வேறு இடத்துக்கு மாறவும், ஊருக்குப் போய்வரவும் வழி திறந்தது. ஆனால் வீட்டு வேலையாட்கள், வீட்டு ஓட்டுநர்கள், மேய்ப்பர்கள், தோட்டக்காரர்கள் போன்றோர் அந்தச் சீர்திருத்தத்தில் சேர்க்கப்படவில்லை. ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் செல்லும் இருவரில், நிறுவனத்தின் மின்பணியாளர் என்று எழுதப்பட்டவருக்கு ஒரு சட்டம், ராயீ என்று எழுதப்பட்டவருக்கு வேறு சட்டம். ஒரே ஒரு சொல்லின் வேறுபாடு இது!

ஆகவே சில சொற்களையேனும் பொருளோடு பாடம் செய்யுங்கள். ஆமில் என்றால் பொதுவான தொழிலாளி; வெல்டிங் தெரிந்தவருக்கு ஆமில் என்று எழுதியிருந்தால் அவருடைய திறமை ஏட்டில் ஏறவில்லை என்று பொருள். ஸாயிக் என்றால் ஓட்டுநர். கஹ்ரபாயீ என்றால் மின்பணியாளர். ஸப்பாக் என்றால் பிளம்பர். லஹ்ஹாம் என்றால் வெல்டர். ராத்திப் என்பது சம்பளம். அதோடு அஸாஸீ என்று சேர்ந்து வந்தால் அடிப்படைச் சம்பளம். பதல் ஸகன் என்பது தங்குமிடப் படி. முத்தத்துல் அக்த் என்பது ஒப்பந்தக் காலம். அடிப்படைச் சம்பளத்தைத் தனியே பாருங்கள். வேலை முடிந்து வரும்போது கிடைக்கும் பணிக்கொடை பொதுவாக அதை ஒட்டியே கணக்கிடப்படுகிறது. படிகளைச் சேர்த்துப் பெரிய தொகையாக வாயால் சொல்லிவிட்டு, அடிப்படையைச் சிறிதாக எழுதும் தந்திரம் நெடுநாளாக நடக்கிறது.

ஆங்கிலத்தில் ஒன்று, அரபியில் ஒன்று என இரண்டு பத்திகளில் ஒப்பந்தம் இருந்தால், இரண்டும் முரண்படும்போது அரபிப் பகுதியே செல்லும் என்பது சஊதியிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சட்டம். ஆங்கிலம் தெரிந்த மச்சானிடம் காட்டிவிட்டேன் என்று நிம்மதி அடைவோர் இதைக் கவனிக்க வேண்டும். அமீரகத்தில் 2016 ஜனவரி முதல் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு. வேலைக்கான முன்மொழிவுக் கடிதம் அரபி, ஆங்கிலம் இவற்றோடு தொழிலாளிக்கு விளங்கும் மூன்றாவது மொழியிலும் தரப்பட வேண்டும். அதற்கென வகுக்கப்பட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. எத்தனை பேர் தமிழில் கேட்டு வாங்குகிறோம்? கேட்பதற்கு வெட்கம். தமிழில் கேட்டால் படிக்காதவன் என்று நினைத்துவிடுவார்களாம்! படிக்காமல் கையெழுத்திடுவதற்கு மட்டும் வெட்கம் வருவதில்லை.

மொழி அறியாதவர் இடைத்தரகரையே நம்பி வாழ வேண்டியதாகிவிடும். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் யூதர்களோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தபோது, பிறர் எழுதித் தருவதையும் வாசித்துச் சொல்வதையும் மட்டும் நம்பியிராமல், இளைஞரான ஸைத் பின் ஸாபித் (ரளி) அவர்களை அந்த எழுத்தைக் கற்கும்படி பணித்தார்கள். அவர் அரை மாதத்திற்குள் கற்றுத் தேர்ந்தார் என்று அபூதாவூத், திர்மிதீ ஆகிய இமாம்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஸைதுடைய நினைவாற்றல் நமக்கு வாய்க்காமல் போகலாம். ஆனால் விசா வரும்வரை நம் பிள்ளைகள் ஊரில் சும்மா இருக்கும் காலம் அரை மாதத்தைவிட மிக அதிகம். அந்த நாட்களில் தெருமுனையில் கைப்பேசியோடு கழியும் பொழுதில், தன் தொழிலுக்குரிய இருநூறு முந்நூறு சொற்களை ஒருவரால் கற்க முடியாதா? அளவுகள், கருவிகளின் பெயர்கள், ஆபத்து, நில், மேலே, கீழே, மின்சாரத்தை அணை. இவைதாம் உயிரைக் காக்கும் சொற்கள். 'கதர்' என்று சிவப்பில் எழுதிய பலகையை ஓதத் தெரிந்த எவரும் வாசித்துவிடலாம். அது ஆபத்து என்று தெரிந்தால்தான் விலகி நிற்பார். வளைகுடாக் கட்டுமானத் தளங்களில் மேற்பார்வையாளர் பெரும்பாலும் பேசுவது அரபி அல்ல, உருதுவும் இந்தியும் கலந்த ஒரு பேச்சு என்பதையும் போய்வந்தவர்கள் அறிவார்கள். அதையும் சிறிது பழகிக்கொள்வது நலம்.

மூஸா (அலை) அவர்களே தம் நாவின் தடையை அல்லாஹ்விடம் முறையிட்டு, தம்மைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்டார்கள். பேச்சில் குறை இருப்பதை ஒப்புக்கொள்வதும், நம்பகமான ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்வதும் இழிவல்ல. ஆனால் ஹாரூனைத் தேர்ந்தெடுத்தது எந்த அடிப்படையில் என்று பாருங்கள்! நம்மிடம் காசு வாங்கும் ஏஜெண்டு நமக்கு ஹாரூன் ஆக மாட்டார்.

நாவில் குறை இருப்பவருக்குக் கைதான் பேச வேண்டும். கை பேசுவதற்குச் சான்று வேண்டும். வெல்டிங் பட்டறையில் உஸ்தாதிடம் பத்தாண்டு பழகியவருக்குத் திறமை உண்டு, தாள் இல்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்காதவர்களுக்கும், அவர்கள் முன்பே கற்றதைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடு அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் இருக்கிறது. சஊதி அரசு 2021இல் தொழில்திறன் சரிபார்ப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, பின்னர் இந்தியாவிலேயே தேர்வு மையங்களையும் ஏற்படுத்தியது. பிளம்பிங், மின்பணி, வெல்டிங், குளிர்சாதனப் பணி, வாகன மின்பணி ஆகியவை அதில் முதலில் வந்தவை. எழுத்துத் தேர்வும் உண்டு, செய்முறைத் தேர்வும் உண்டு. உண்மையில் இது நம் கைத்தொழிலாளிக்கு நன்மை. பேச்சு வராதவரும் வேலையைச் செய்து காட்டித் தேறலாம். யாருக்கு இது கசக்கிறது? ஐயாயிரம் ரூபாய்க்கு அனுபவச் சான்றிதழ் வாங்கியவருக்கு. அந்தப் பொய்ச் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தேறாத கையால் இணைத்த குழாய் ஒரு நாள் வெடிக்கும்போது கீழே நிற்பது இன்னொரு தாயின் பிள்ளை. அது மன்னிப்புக் கேட்டுத் தீரும் பாவமா என்று யோசியுங்கள்.

ஜெர்மனி, ஜப்பான் என்று இப்போது புதிய பெயர்கள் அடிபடுகின்றன. உண்மைதான், வழி திறந்திருக்கிறது. இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000 என்பதிலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024இல் ஜெர்மனி அறிவித்தது. ஜப்பான் 2019இல் தொடங்கிய திறன் பணியாளர் விசாவுக்குத் தொழில் தேர்வும் அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வும் கேட்கிறது. செவிலியர் ஜெர்மனியில் முழு அங்கீகாரம் பெற, அம்மொழியில் பி-2 என்னும் படியை எட்ட வேண்டும். அதற்குப் பல மாதப் படிப்பு தேவை. 'மொழியே வேண்டாம், நேரே செவிலியர் வேலை' என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இனிப் பணம். நம் நாட்டில் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவ்வாறு பதிவு பெற்றவரும் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்ச அளவு 30,000 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு வரி. ரசீது தர வேண்டும். 2023 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் இதை மீண்டும் நினைவூட்டி அறிவிப்பு வெளியிட்டது. ஏஜெண்டின் பதிவை ஈ-மைக்ரேட் என்னும் அரசு இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். தமிழ்நாடு அரசே 1978இல் நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே போவதில்லை. தெருவில் தெரிந்தவர், முதல் ஸஃப்பில் தொழுபவர் என்பதற்காக இரண்டு மூன்று இலட்சத்தைத் தூக்கிக் கொடுக்கிறோம். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? மனைவியின் நகையிலிருந்தும், வட்டிக் கடையிலிருந்தும். ஹலாலைத் தேடும் பயணத்தின் முதல் அடியே வட்டியில் விழுகிறது.

முதல் ஸஃப்பில் தொழும் அந்தச் சகோதரருக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 'ஃப்ரீ விசா' என்று நீங்கள் விற்பதில் எது இலவசம்? பெயரளவில் ஒரு கஃபீல். வேலை வேறிடத்தில் தேடிக்கொள்ள வேண்டும். பிடிபட்டால் தொழிலாளி சட்டத்தை மீறியவர். கஃபீல் 'ஹுரூப்' கொடுத்துவிட்டால், அதாவது ஓடிப்போனவர் என்று பதிந்துவிட்டால், அந்த மனிதர் இகாமா புதுப்பிக்க முடியாது, எளிதில் ஊரும் திரும்ப முடியாது. விசாவை விலைக்கு விற்பது அந்த நாட்டுச் சட்டப்படியே குற்றம். மார்க்கப்படி அது வேலையும் கூலியும் அறியப்படாத வியாபாரம். அதில் வரும் தொகையைக் கொண்டு பள்ளிக்கு விரிப்பு வாங்கித் தர வேண்டாம்.

சுற்றுலா விசாவில் போய் வேலை தேடுவது இன்னொரு பள்ளம். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். ஒப்பந்தம் அங்கே பரிசீலிக்கப்படும். ஒரு தடையாகத் தோன்றினாலும் அது படிக்காதவருக்கு அரசு பிடிக்கும் குடை. அதைத் தவிர்க்கத்தான் ஏஜெண்டுகள் சுற்றுலா விசாவில் அனுப்புகிறார்கள். அந்த அனுமதியோடு போகிறவருக்குப் பிரவாசி பாரதீய பீமா என்னும் காப்பீடும் கட்டாயம்; இரண்டாண்டுக்கு 275 ரூபாய்தான், விபத்தில் இறந்தால் வீட்டுக்குப் பத்து இலட்சம். சுற்றுலா விசாவில் போனவருடைய பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. அமீரகத்தில் உரிய அனுமதியின்றி ஆளை வேலைக்கு வைப்போருக்கு ஒரு இலட்சம் முதல் பத்து இலட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024இல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இளைஞர்கள் 2022இல் மியன்மருக்குள் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி அடைத்து வைக்கப்பட்டார்கள். மீட்கப்பட்டு வந்தவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் முட்டாள்கள் அல்லர், படித்தவர்கள்.

தொண்ணூறுகளில் கல்ஃபுக்குப் போய்வந்த பெரியவர்கள் சொல்லும் அறிவுரையை மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அன்றைய சட்டம் இன்றில்லை. பாஸ்போர்ட்டைக் கஃபீல் வைத்துக்கொள்வதுதான் வழக்கம் என்பார்கள். அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆள் சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வாங்குவதையும் தடுக்கிறது. கத்தாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால், உணவும் தங்குமிடமும் தராவிட்டால் அவற்றுக்கு 300, 500 ரியால் தனி என்று விதித்தார்கள். உரிமை இருப்பதை அறியாதவர் அதைக் கேட்கப் போவதில்லை. கேட்டும் கிடைக்காதபோது இந்தியத் தூதரகத்திற்கு முறையிட 'மதத்' என்னும் இணையதளம் 2015 முதல் இருக்கிறது. பெயரே உதவி என்றுதான் பொருள்படும்.

ஒவ்வொரு ஜமாஅத்திலும் அரபி வாசித்துப் பொருள் சொல்லக்கூடிய ஆலிம் ஒருவரேனும் இருக்கிறார். நிக்காஹ் ஓதவும் ஃபாத்திஹா ஓதவும் மட்டுமே அவரை அழைக்கிறோம். மதரஸாவில் நாங்கள் படித்த அரபியும் அலுவலக அரபியும் முற்றிலும் ஒன்றல்ல. ஆயினும் தொழில், சம்பளம், காலம் ஆகிய மூன்றையும் படித்துச் சொல்ல எங்களால் இயலும். எங்கள் பள்ளியில் இதற்காகத் திங்கள், வியாழன் மஃரிபுக்குப் பின் மதரஸாத் திண்ணையில் இரண்டு பேர் அமர்கிறோம். உங்கள் ஊர்ப் பள்ளி நிர்வாகத்திடமும் இவ்வாறு ஓர் ஏற்பாடு செய்யக் கேளுங்கள். வரும்போது விசாவின் நகல், ஒப்பந்தத்தின் நகல், ஏஜெண்டு கொடுத்த ரசீது மூன்றையும் கொண்டு வாருங்கள். அசலை வீட்டில் வையுங்கள். முடிந்தால் தாயாரையோ மனைவியையோ உடன் அழைத்து வாருங்கள். நகையைக் கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தாம், அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று அவர்களும் கேட்கட்டும்.